மணி ஒலிக்காத ஊரில் ஒரு பெரிய சனிக்கிழமை

ஈஸ்டர் நேரத்தில் கோவைப் பக்கம் எங்கே போகலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரிய கோயில், அலங்காரம், பாஸ்கா நாடகம் என்றால் கோவை நகரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு என்னிடம் கேட்க வேண்டியதில்லை. நான் போனது வேறு மாதிரியான ஊர். 1995 ஏப்ரலில், ஒரே ஒரு தடவை. இன்னொரு தடவை போகிற தைரியம் எனக்கு வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளியும் சித்திரை முதல் தேதியும் ஒரே நாளில் வந்தன. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வருடப் பிறப்பு என்றால் உகாதிதான். ஆனாலும் நான்கு தலைமுறையாகக் கோவையில் இருப்பதால் சித்திரையையும் விடுவதில்லை, வருடத்துக்கு இரண்டு பாயசம். அந்தப் பாயசத்தை விட்டுவிட்டு நான் கிளம்பியதில் அம்மாவுக்குக் கடுங்கோபம். நல்ல நாளும் அதுவுமாக யாராவது துக்கம் கொண்டாடுகிற ஊருக்குப் போவார்களா என்று வாசல்வரை வந்து திட்டினாள். அவள் வாய்முகூர்த்தம் அப்படி.

என்னைக் கூப்பிட்டது ரோசலி அக்கா. நான் வேலை பார்த்த நூற்பாலையின் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அப்பா மட்டும். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று புதன்கிழமையே லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார். போகும்போது, “வெள்ளிக்கிழம வா கண்ணு, எங்கூரு பெரிய வெள்ளிய நீ எங்கயும் பாத்திருக்க மாட்ட” என்றார். நான் அப்போதுதான் தவணையில் ஒரு கேமரா வாங்கியிருந்தேன். படம் எடுக்க ஒரு சாக்குக் கிடைத்தது, வேறு பக்தியெல்லாம் இல்லை.

காந்திபுரத்தில் காலை ஆறு மணிக்குச் சத்தியமங்கலம் வண்டி. அன்னூர், புளியம்பட்டி வழியாக எழுபது கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய் என்று நினைவு. சத்தி பஸ் நிலையத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. அங்கிருந்து அந்தியூர் சாலையில் போகும் டவுன் பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் போய், கிளைச் சாலையில் திரும்ப வேண்டும். ஊருக்கு அருளப்பனூர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை.

கிளைச் சாலையில் திரும்பியதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஹாரனின் ரப்பர் பந்தைச் சுற்றிக் கட்டினார். நான் முன் சீட்டில் இருந்தேன். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன்.

“கெடலீங்க அம்மணி. நாளைக்கு ராத்திரி வரைக்கும் இந்த ஊருக்குள்ள சத்தம் கூடாதுங்க. நான் கும்புடறது மாரியாத்தாளத்தான். ஆனா ஒரு வருசம் மறந்து அடிச்சுப்போட்டனுங்க. அன்னிக்குப் பூரா வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போனாலும் என்ற பின்னால ஆரோ உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சுங்க.”

கண்டக்டர் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. ஊர் எல்லையில் என்னை இறக்கிவிட்டு, விசில்கூட இல்லாமல், கண்டக்டர் தகரத்தைக் கையால் தட்ட வண்டி போய்விட்டது.

தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பெரிய வியாழன் இரவுப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது கோயில் மணியைக் கடைசியாக அடிப்பார்கள். பிறகு சனிக்கிழமை இரவு, ஈஸ்டர் பூசையில் அதே பாட்டு வரும்வரை மணி ஒலிக்காது. இடையில் மக்களைக் கூப்பிடுவதற்கு ஒரு மரக் கருவி உண்டு. கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் பலகையில் கட்டைகள் மோதும். இது எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் உள்ள வழக்கம்தான். அருளப்பனூர்க்காரர்கள் இதை ஊர் முழுக்க இழுத்துவிட்டார்கள். மாட்டுக் கழுத்து மணிகளுக்குள் வைக்கோலைத் திணித்திருந்தார்கள். சைக்கிள் மணியெல்லாம் துணி சுற்றிக் கிடந்தது. குழந்தைகளின் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டார்கள். வெள்ளி மூன்று மணியிலிருந்து அடுப்பும் எரியாது, விளக்கும் கிடையாது. சனி இரவு கோயிலில் புது நெருப்பு மூட்டி, அதிலிருந்துதான் ஒவ்வொரு வீடும் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். மஞ்சள் வேகவைக்கிற காலம் அது, களத்தில் பெரிய கொப்பரைகள் அப்படியே ஆறிக் கிடந்தன. மாடுகள் கழுத்தை ஆட்டுகின்றன, சத்தம் வரவில்லை. பட்டப்பகலில் அதைப் பார்த்ததும் காது அடைத்துக்கொண்டதோ என்று நானே ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். தெருவிலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டேன்.

ரோசலி அக்காவின் அப்பா சவரிமுத்து நடுவறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எழுபதைத் தாண்டியவர், மஞ்சள் விவசாயி. நான் போனபோது கண் திறந்து பார்த்தார். “வாங்க அம்மணி” என்று உதடு அசைந்தது. அருளப்பனூர் பெரிய பங்கின் கிளை ஊர் என்பதால் சாமியார் பூசைக்கு மட்டும்தான் வருவார். வியாழனன்று வந்தவர் சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செய்கிற நோயில்பூசுதலை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கோபியிலிருந்து வந்து பார்த்த டாக்டரும் இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

வெள்ளி மாலைச் சடங்கை நான் கோயிலின் பின்வரிசையில் நின்று பார்த்தேன். சிலுவையில் இருந்த இயேசுவின் சுரூபத்துக்குத் தோளில் தோல் மூட்டு உண்டு. ஆணியைப் பிடுங்கியதும் இரண்டு கைகளும் தொப்பென்று பக்கவாட்டில் விழுந்தன. மரம்தான் என்று தெரிந்தும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை இறக்கி, கோடித் துணி போர்த்தி, தூம்பா என்கிற பாடையில் வைத்துத் தெருத் தெருவாகத் தூக்கிப் போனார்கள். முன்னால் சூசை உபதேசியார், அதாவது சாமியார் இல்லாத நாட்களில் கோயிலையும் ஊரையும் பார்த்துக்கொள்கிறவர், கட்டையை ஆட்டிக்கொண்டு நடந்தார். கடகடவென்ற அந்த ஓசை சுவரில் பட்டதும் செத்துவிடும், எதிரொலியே கிடையாது. பெண்கள் நிஜச் சாவுக்கு அழுவதுபோலவே ஒப்பாரி வைத்தார்கள். கேமரா பையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் பயம்.

வீட்டுக்கு வந்ததும் ரோசலி அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்தார். இருட்டைப் பார்த்து, “குடிச்சுக்கம்மா” என்றார். யாருக்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவருடைய அம்மா பதினோரு வருடங்களுக்கு முன்னால் இதேபோல ஒரு பெரிய வெள்ளி இரவில் இறந்துபோனாராம். இந்த ஊரில் யார் இறந்தாலும் உடனே துக்க மணி அடிப்பார்கள், ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம். அந்த மணியோசையைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் ஊரைத் தாண்டும் என்பது இவர்கள் நம்பிக்கை. மணி கட்டிய நாளில் செத்தால் கட்டைதான். கட்டையின் ஓசை ஊர் எல்லைவரை போகாது. அந்த உயிர் வழி தெரியாமல் வீட்டுக் கொல்லையிலேயே நின்றுவிடும்.

எந்தச் சாமியாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அக்காவே ஒப்புக்கொண்டார். கேட்டால் திட்டுவார்களாம். ஆனால் அப்பா வியாழன் இரவு கடைசி மணி அடித்து ஓய்ந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மணி இல்லாம என்ன அனுப்பிப்போடாத சாமி” என்று கேட்டிருக்கிறார். அக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டார். சனி இரவு மணிவரைக்கும் அப்பாவை எப்படியாவது இழுத்துப் பிடித்துவிட வேண்டும். அந்த வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை. காலையில் சொம்பைப் பார்த்தேன். பாதிதான் தண்ணீர் இருந்தது. பூனையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அங்கே பொழுது நகரவே இல்லை. வெயில் கொளுத்துகிறது, எந்தக் கூரையிலும் புகை இல்லை. முந்தின நாள் வடித்த சோற்றில் மோரை ஊற்றிக் குடித்தோம். அக்கா பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். நடுவே கடவுளோடு பேரமும் நடந்தது. ஈஸ்டர் முடிந்ததும் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், இந்த ஒரு பொழுதை மட்டும் தாண்ட விடு என்று. பெரியவரின் மூச்சு ஒரு முறை வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது.

நான்கு மணிவாக்கில் அது நின்றது. வரும் வரும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா திரியிலிருந்து ஒரு பஞ்சு இழையைப் பிரித்து மூக்கடியில் பிடித்தார். அசையவில்லை. நானும் பிடித்துப் பார்த்தேன். அக்கா அழவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டார். பழைய வேட்டியில் ஒரு நாடா கிழித்து, அப்பாவின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். கால் பெருவிரல்களைக் கட்டினார். கழுத்துவரை போர்த்தினார். நான் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உபதேசியாரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

“சொன்னா கட்டையத்தான் அடிப்பாங்க. எங்கம்மா இன்னும் கொல்லைலதான் நிக்கறா. இவரையும் அங்கயே நிக்க வெக்கச் சொல்றயா கண்ணு?”

அவர் கணக்கு எளிமையானது. இரவு மணி ஒலித்த பிறகுதான் அப்பா இறந்தார் என்று சொல்லிவிட வேண்டும். அப்போது துக்க மணி கிடைத்துவிடும். ஒரே சிக்கல், புது நெருப்பு எடுக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் கோயிலுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆட்கள் நெருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள், குட்டு உடைந்துவிடும். ஆகவே அக்கா போக, நான் பிணத்தோடு இருக்க வேண்டும். உபதேசியார் கேட்டால், மணி அடிக்கும்போது மூச்சு இருந்தது என்று சொல்ல வேண்டும்.

“நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ வேத்தாளு, உனக்குப் பொய் சொல்ல வேண்டிய கதியென்னன்னு நம்புவாங்க” என்றார். என் நேர்மைக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அதுதான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஜன்னலில் நிழல் தட்டியது. சூசை உபதேசியார். அக்கா சட்டென்று விசிறியை எடுத்து அப்பாவுக்கு வீச ஆரம்பித்தார். தலைக்கட்டு தெரியாமல் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, “இப்பத்தானுங்க கண்ணசந்தாரு” என்றார். அவர் ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன பிறகும் அக்கா விசிறுவதை நிறுத்தவில்லை. “வேக்குதுங்களாய்யா?” என்று கேட்டுக்கொண்டே வீசினார். செத்தவருக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து வியர்வை துடைக்கப் போகிறோம் என்று தோன்றியது. சரி அக்கா, சொல்கிறேன் என்றேன்.

பத்தரை மணிக்குக் கட்டை ஒலித்தது. அக்கா அணைந்த லாந்தரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருவில் செருப்புச் சத்தம்கூட இல்லை, எல்லோரும் வெறுங்காலோடு போனார்கள். ஊரில் அந்த நேரம் வீட்டுக்குள் இருந்தது நானும் சவரிமுத்துவும்தான் என்று நினைக்கிறேன். பௌர்ணமி. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது, அதன் வழியே நிலா சரியாகக் கட்டிலின் மேல் விழுந்தது. சுவரோரமாக, கொல்லைக் கதவைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த சுலோகங்களையெல்லாம் சொன்னேன். ஆஞ்சநேயரை இவர்கள் வீட்டுக்குள் விடுவார்களோ மாட்டார்களோ என்ற கவலை வேறு.

தூரத்தில் வாசகங்கள் படிப்பது முணுமுணுப்பாகக் கேட்டது. பிறகு பாட்டு எழுந்தது. அதோடு மணி. இரண்டு நாள் அமைதிக்குப் பிறகு அந்த ஓசை காதில் அறைந்தது. பெரிய மணி, பலிபீடத்துக் கைமணி, வேட்டுச் சத்தம், தொழுவத்தில் மாடுகள் எழுந்து முட்டிக்கொள்ளும் சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் போர்வை உயர்ந்தது.

காற்று என்று நினைத்தேன். காற்று இல்லை. மூக்கு வழியாகக் கரகரவென்று ஒரு மூச்சு உள்ளே போனது. தாடை அந்த நாடாவை எதிர்த்துக் கீழே இறங்கப் பார்த்தது, முடிச்சு உச்சந்தலையில் நகர்ந்ததை நிலா வெளிச்சத்தில் பார்த்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பல்லாலும் நகத்தாலும் முடிச்சை அவிழ்த்தேன். வாய் திறந்துகொண்டது. இன்னொரு மூச்சு, இந்த முறை வாயால். கண் இமை பிளந்து எதையோ தேடியது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன், நாக்கு வந்து அதைத் தொட்டது. மூன்றாவது மூச்சு நீளமாக வெளியே போனது. பிறகு வரவில்லை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கையைத் தொட்டேன். மெதுவாக, துணியைப்போல மடங்கியது. கூப்பிட்டேன், உலுக்கினேன், பஞ்சு இழையைப் பிடித்தேன். அசையவே இல்லை. பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, பூசை முடிகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்த நாடாவை எடுத்து, அக்கா கட்டியது போலவே தாடையில் கொடுத்து, அதே இடத்தில் முடிச்சுப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு எதையும் கட்டியதில்லை.

அக்கா லாந்தரில் புது நெருப்போடு வந்தார். கூடவே உபதேசியாரும் நாலைந்து பெண்களும். அக்கா கட்டிலைப் பார்த்துவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையைக் கொட்டினார். அது நடிப்பில்லை. உபதேசியார் தலைக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, மணி அடிக்கறப்ப மூச்சு இருந்துச்சுங்களா?”

“இருந்ததுங்க. மூணு மூச்சு. மணி அடிக்கும்போதே அடங்கிடுச்சு.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். சற்று நேரத்தில் ஈஸ்டர் மணி அடித்த அதே மணியில் ஆணுக்கான துக்க மணி ஒலித்தது. ஒன்று ஓய்ந்து அடுத்தது வர நெடுநேரம் ஆனது. ஊரே வாசலில் நின்று கேட்டது. அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய் இறுகக் கட்டிக்கொண்டார். காதோரம், “மூணு மூச்சுன்னு எண்ணிச் சொன்ன பாரு, அதக் கேட்டு நானே நம்பிப்போட்டேன் கண்ணு” என்றார்.

கோவைக்குத் திரும்பிய பிறகு, தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். இறந்து ஏழெட்டு மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும் என்றார். பெரியவரின் கை விறைத்திருக்கவில்லை. மூச்சு மிகவும் மெலிந்துபோனால் பழக்கமில்லாதவர்களுக்குத் தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார். அல்லது வேறு ஏதோ நடந்தது. எது என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. இரண்டில் எதை நினைத்தாலும் தூக்கம் போய்விடும்.

போக நினைப்பவர்களுக்கு. தவக்காலத்தில் கிளை ஊர்களில் எந்த வெள்ளிக்கிழமை போனாலும் சிலுவைப்பாதை பார்க்கலாம், பழகுவதற்கு அது நல்லது. பெரிய வாரம் போவதென்றால் வெள்ளி மதியத்துக்குள் ஊருக்குள் போய்விடுங்கள், பிறகு பஸ் குறைவு. அவல், வாழைப்பழம், குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும், சமைத்துத் தரச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். வண்டியில் போனால் எல்லையிலேயே நிறுத்தி நடந்து போங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தால்கூடக் கேட்கும். தூம்பாவைப் படம் எடுக்க அனுமதி கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் கேட்காதீர்கள். சனி இரவு எல்லோரோடும் கோயிலுக்குப் போய் நில்லுங்கள். யார் வீட்டிலும் தனியாக உட்காராதீர்கள்.

ரோசலி அக்கா வேலையை விட்டு ஊரோடு போய்விட்ட பிறகும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போன் செய்வார். அந்தப் பொய்க்கு நன்றி சொல்வார். நானும் பரவாயில்லை அக்கா என்று சொல்லி வைத்துவிடுவேன். உண்மையைச் சொல்லியிருந்தால், உயிரோடு இருந்த அப்பாவின் வாயைக் கட்டி, அத்தனை நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடத்திவைத்தோம் என்று ஆகியிருக்கும். அவர் அதைத் தாங்கியிருக்க மாட்டார். எனக்கே தாங்கவில்லை. போன வருடம் அக்கா இறந்துபோனார், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். கடைசியாகப் பேசியபோது குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. “நீ எனக்காகச் சொன்ன பொய்யோட பாவம் என்ற கணக்குலயே எழுதிக்கட்டும்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு” என்றார். அதில் பாவம் ஒன்றும் இல்லை அக்கா என்றேன். அந்த ராத்திரியைப் பற்றி அவரிடம் நான் சொல்ல முடிந்த உண்மை அது ஒன்றுதான்.